ஆடியில் வாங்கி ஆவணியில் பிரித்த டிவி

கடையில் டிவியை நேராக நின்று பார்க்கிறவர் ஏமாறுவார். இதை நான் இப்போது யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன். போன மாதம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, புது டிவி வாங்கப் போவதாகப் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். அவர் போனை வைத்ததுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிட்டது. புதுச்சத்திரத்தில் இறங்கும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றியைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. இருக்கட்டும். இப்படி யாராவது என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், என் அப்பா ஒரு கபடி சீசன் முழுவதையும் இழந்திருக்கமாட்டார்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சிதம்பரத்தில் அம்மாவோடும் என் தம்பியோடும் இருக்கிறார். இளம் வயதில் டெப்போ அணிக்குக் கபடி ஆடியவர். வலது முழங்காலில் அதற்கான தழும்பு இன்னும் இருக்கிறது. வைகாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிட்டது. வருஷக்கணக்காக எஞ்சின் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கி ஏற்கெனவே நைந்துபோன முதுகு அது. அறுவை சிகிச்சை வேண்டாம், படுத்தே இருக்கட்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய் வரலாம். பத்து நிமிஷம் உட்காரலாம். அதற்குமேல் உட்கார்ந்தால் வலியில் முகம் கறுத்துவிடும்.

படுத்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், மருந்து கொடுத்தால் விழுங்குவார். மற்றபடி பேச்சே இல்லை. நான் வேலைக்கும் வீட்டுக்குமாகக் கடலூரில் இருக்கிறேன், சனிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை அவராக வாயைத் திறந்தார்.

"பாப்பா, ஆவணியில கபடி ஆரம்பிக்குதாம். அதுக்குள்ள ஒரு டிவி மட்டும் வாங்கிக் குடுத்துடும்மா."

வீட்டில் இருந்த பழைய டிவி பின்பக்கம் பெருத்த பெட்டி. அது அந்தச் சித்திரையிலேயே கண்ணை மூடிவிட்டது. அப்பா தனக்கென்று எதையும் என்னிடம் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டார். இதைக்கூட ஒழுங்காகச் செய்யாவிட்டால் நான் என்ன பெண் என்று நினைத்துக்கொண்டே அன்று பேருந்து ஏறினேன்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். லாரியில் சரக்கு வரும்போது கூடவே ஒரு சான்றிதழும் வரும். இவ்வளவு சுத்தம், இவ்வளவு ஈரப்பதம் என்று அழகாக அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டிருப்பார்கள். அதை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு, டிரம்மைத் திறந்து நானே சாம்பிள் எடுப்பேன். சான்றிதழை நம்பி ஒரு டிரம்மைக்கூட நான் உள்ளே விட்டதில்லை. இப்படிப்பட்ட நான்தான், அப்பாவுக்கு வாங்கும் பொருளில் காகிதத்தை நம்பினேன். இதை எழுதும்போதுகூட என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடலூரில் அந்தக் கடை மூன்று மாடி. வாசலில் கட்டடத்தின் அகலத்துக்கு 'ஆடித் தள்ளுபடி' என்று பேனர். ஆடி பிறந்து நாலாம் நாள் போனேன். டிவி பிரிவில் சுவர் முழுக்கத் திரைகள், எல்லாவற்றிலும் ஒரே கிளி. சிவப்பும் நீலமுமாக ஒரு வெளிநாட்டுக் கிளி மெதுவாகச் சிறகை விரிக்கும். அடுத்து வெட்டிய மாதுளம்பழம், அடுத்து அருவி, மறுபடியும் கிளி. எங்கள் வீட்டில் யாரும் கிளி பார்ப்பதில்லை. கபடி போடுங்கள் என்றேன். இங்கே கேபிள் கனெக்‌ஷன் இல்லை மேடம் என்றார் விற்பனையாளர். டிவி விற்கிற கடையில் டிவி பார்க்க முடியாதாம்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஃபோர் கே, எச்.டி.ஆர்., நூற்றிருபது மோஷன் ரேட், செயற்கை நுண்ணறிவுப் படம். எல்.இ.டி. என்றால் என்ன என்று கேட்டேன்.

"எல்.இ.டி.ன்னா எல்.இ.டி.தான் மேடம். லேட்டஸ்ட்."

தெரிந்துதான் மழுப்பினாரா, அவருக்கே தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வியை நான் சரியாகத்தான் கேட்டேன். அப்பாவின் கட்டில் டிவிக்கு நேரே இல்லை. சிதம்பரம் வீட்டுக் கூடம் சின்னது. டிவி வைப்பதற்கென்று வீடு கட்டும்போதே சுவரில் ஒரு மாடம் விட்டிருக்கிறார்கள். அதற்கு எதிரே சமையலறைக்குப் போகிற வழி. கட்டிலைக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் போட முடியும், அங்கிருந்து பார்த்தால் டிவி பக்கவாட்டில்தான் தெரியும். பழைய பெட்டி டிவியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே படம்தான் தெரியும்.

"சைடுல படுத்துக்கிட்டுப் பாத்தா சரியா தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரிதான் மேடம். பாருங்க, கம்பெனியே போட்டிருக்கான்."

அட்டையைக் காட்டினார். பார்க்கும் கோணம் நூற்று எழுபத்தெட்டு டிகிரி என்று அச்சாகியிருந்தது. கிட்டத்தட்டச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் தெரியும் என்று அர்த்தம். நான் நம்பினேன். என் வேலையில் எண் என்றால் யாரோ கருவியை வைத்து அளந்திருப்பார்கள். வரிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் வழி விட்டிருந்தார்கள், எந்த டிவியையும் நேராக மட்டுமே பார்க்க முடியும். இரண்டடி நகர்ந்து எட்டிப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. ஐம்பது இன்ச்சில் ஒன்றைக் காட்டி இதைப் போடுங்கள் என்றேன்.

பில் போடும்போது விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, "ஆடியில வாங்கிட்டுப் போயி ஆவணியிலதான் பிரிப்பாங்க மேடம் முக்காவாசிப் பேரு. எங்களுக்கே பழகிப்போச்சு" என்றார். நானும் கூடச் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் போயிருந்தபோது கடை வண்டியிலேயே பெட்டி சிதம்பரம் வந்து சேர்ந்தது. அம்மா வாசலிலேயே நிறுத்தி, பெட்டிக்கு மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, கூடத்து மூலையில் சாய்த்து வைத்தார். பிரிக்கலாம் என்று தம்பி கத்தியை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடியில புதுசா எதையும் வீட்ல தொடங்கக் கூடாது. உங்கப்பா ஏற்கெனவே படுத்துக் கெடக்கறாரு. ஆவணி பொறக்கட்டும்."

டிவியைப் போடுவதில் என்னம்மா தொடக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அப்பா விழுந்ததிலிருந்து அம்மா எதற்கெல்லாமோ பயந்துகொண்டிருந்தார். பல்லி கத்தினால் பயம், போன் வந்தால் பயம். புருஷன் எழுந்து நடக்க வேண்டும் என்று தவம் கிடப்பவரிடம் போய் நான் என்ன வாதாடுவது?

ஆடி முழுக்க அந்தப் பெட்டி அப்பாவுக்கு எதிரே நின்றது. பெட்டியின் மேலும் அதே கிளி.

"அந்தக் கிளியையே எத்தினி நாளு பாக்கறது?" என்று ஒரு சனிக்கிழமை கேட்டார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் அடித்த முதல் நகைச்சுவை அதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார். நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். மாடத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது டிவி. கூடத்து நடுவில் நின்று பார்த்த எங்களுக்குக் கண் கூசியது.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. ஜோரா இருக்கு."

கபடி தொடங்கியது. போனில் கேட்டால் பார்க்கிறேன் என்பார், நல்லா ஆடறாங்க என்பார். நேரில் போகும்போது ஒருக்களித்துப் படுத்துத் திரை பக்கமாகத்தான் முகத்தை வைத்திருப்பார். ஆனால் என்னவோ இடித்தது. மூன்றாவது வாரம்தான் அது என்னவென்று பிடிபட்டது. அப்பா நடுவரைத் திட்டவில்லை.

அப்பா கபடி பார்ப்பது தெருவுக்கே தெரியும். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைக் கால் தாண்டியதா இல்லையா என்று நடுவருக்கு முன்பே சொல்லிவிடுவார். நடுவர் வேறு மாதிரி சொன்னால் அவரும் அவர் குடும்பமும் தொலைந்தார்கள். பழைய பெட்டி டிவி இருந்த காலத்தில் அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். இப்போது மூன்று வாரமாக அப்படி ஒரு சத்தமே இல்லை. கோயிலில் கதை கேட்கிறவர் மாதிரி அமைதியாகப் படுத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முந்தைய நாள் ஆட்டத்தை மறுபடி போட்டார்கள். பாதி ஆட்டத்தில் அம்மா அப்பாவைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப் போனார். கட்டில் காலியாக இருந்தது. நான் போய் அதில் படுத்தேன். அப்பா படுப்பது போலவே ஒருக்களித்து, அவர் தலையணையில் தலை வைத்துத் திரையைப் பார்த்தேன்.

வெளுத்துப்போன ஒரு படம் தெரிந்தது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சாம்பல். ஒரு அணிக்கு அடர்சிவப்புச் சட்டை, இன்னொரு அணிக்குக் கருநீலம். அங்கிருந்து இரண்டும் ஒரே அழுக்கு நிறமாக இருந்தன. தரையில் போட்டிருந்த கோடுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. ஆட்கள் எழுவதும் விழுவதும் மட்டும் நிழல் மாதிரி தெரிந்தது. எழுந்து நடுக்கூடத்துக்கு வந்தால் மறுபடி கண்ணைப் பறிக்கிற சிவப்பு, கண்ணைப் பறிக்கிற நீலம். மறுபடி போய்ப் படுத்தேன். மறுபடி சாம்பல்.

மூன்று வாரமாக அப்பா வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பார்ப்பதுபோலத் திரும்பிப் படுத்துக்கொண்டு, பொண்ணு வாங்கிக் கொடுத்தது என்பதற்காக, நல்லா இருக்கும்மா என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் எதுவும் கேட்காமல் பில்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

பில்லின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: குறை இருந்தால் வாங்கிய பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

உள்ளே வந்து, உன் ஆடியாலதாம்மா எல்லாம் போச்சு என்று அம்மாவிடம் கத்தினேன். அப்பா குளியலறைக்குள் இருந்தார், தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார். அன்று அப்படிக் கத்தியதற்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை, வாங்கித் தொலைத்த பிறகு, பேருந்தில் போகும்போதும் வரும்போதும் போனில் படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது. எல்.இ.டி. டிவி என்று நாம் வாங்குகிறோமே, அதில் படத்தைக் காட்டுவது எல்.இ.டி. இல்லை. அது பின்னால் எரிகிற வெறும் விளக்கு. படத்தை உண்டாக்குவது அதற்கு முன்னால் இருக்கிற, திரவப் படிகம் நிரப்பிய ஒரு தட்டு. வாசலில் தொங்கவிடுகிற மூங்கில் தட்டி வெயிலை விடுவதும் மறைப்பதும்போல, அந்தத் தட்டு ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கொஞ்சம் விடும், கொஞ்சம் மறைக்கும். முன்னால் இருக்கிற தட்டைப் பற்றி மூச்சு விடாமல், பின்னால் எரிகிற விளக்கின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள்.

அந்தத் தட்டில் பொதுவாக இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றில் நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கத்துக்கு நகர நகர வெளுத்துவிடும். இன்னொன்றில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்காது, ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் ஓரளவு அப்படியே நிற்கும். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். இது அட்டையிலும் இல்லை, விற்பனையாளர் வாயிலும் இல்லை. ஒரே மாடல் எண்ணில் இன்று ஒரு தட்டும் நாளை வேறு தட்டும் வைத்து அனுப்புகிற கம்பெனிகளும் உண்டாம். அந்த நூற்று எழுபத்தெட்டு டிகிரி இருக்கிறதே, அது படம் 'ஏதோ தெரியும்' என்பதற்கான எண். சரியாகத் தெரியும் என்பதற்கான எண் இல்லை. எங்கள் கம்பெனியில் ஒரு சப்ளையர் இப்படி ஒரு கணக்கோடு வந்தால் அவரை வாசலுக்குள்ளேயே விடமாட்டோம்.

யாருக்காகச் செய்கிறார்கள் இந்த டிவியை? விளம்பரத்தில் ஒரு சோபா, அதில் நாலு பேர், நாலு பேரும் திரைக்கு நேர் எதிரே. நம் ஊரில் எந்தக் கூடத்தில் நாலு பேர் நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒருவர் கட்டிலில், ஒருவர் தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, ஒருவர் வாசற்படியில். அம்மா ஆயுசு முழுக்க டிவி பார்த்தது சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டுதான். நேரே உட்கார முடியாதவர்கள்தான் பெரும்பாலும் நாள் முழுக்க டிவியோடு இருக்கிறார்கள்.

புகார் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து சர்வீஸ் ஆள் வந்தார். திரைக்கு நேரே நின்று போனில் இரண்டு படம் எடுத்தார். கட்டிலில் படுத்துப் பாருங்கள் என்று தம்பி சொன்னதற்கு, "அதெல்லாம் எங்க புரொசீஜர்ல இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நான் சிதம்பரத்தில் ஒரு வேலை செய்தேன். திரையின் நடுவிலிருந்து அப்பாவின் தலையணைவரை சணல் கயிறு பிடித்து, பாகைமானி வைத்து அளந்தேன். அறுபத்தைந்து டிகிரி. அப்பா படுத்தபடி நான் கயிறு பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. கடையில் கால் வைக்க இடமில்லை. மேனேஜரிடம் பில்லைக் காட்டினேன்.

"பத்து நாள் தாண்டிடுச்சே மேடம். அதோட டிவி நல்லாத்தானே ஓடுது? கொஞ்சம் திருப்பி வெச்சுக்கலாமே."

"மாடத்துக்குள்ள இருக்கு. திரும்பாது."

"அப்ப கட்டில நகத்திக்குங்க."

"எங்கப்பாவையும் சேத்து நகத்தித் தெருவுல வெச்சுடட்டுமா சார்?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்தேன். என் டிவியின் அதே மாடல் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து பாகைமானியையும் சணலையும் எடுத்து அறுபத்தைந்து டிகிரிக்கு ஸ்டூலைப் போட்டு, அப்பாவின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தேன். கிளி வந்தது. என் கிளி சாம்பலாக இருந்தது.

"இங்க வந்து பாருங்க சார். இதுதான் உங்க நூத்தி எழுவத்தெட்டு டிகிரி."

மேனேஜர் வரவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "அய்ய, ஆமா!" என்றார். பிறகு தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நம்ம வூட்டுலயும் அத்தையோட கட்டிலு சைடுலதானே இருக்குது?" என்று கேட்டார். அவர்கள் கையில் பில் போட எடுத்து வைத்த சீட்டு இருந்தது. அந்த மனிதர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் ஸ்டூலை அடுத்த டிவிக்கு நகர்த்தினேன், அதற்கடுத்ததற்கும் நகர்த்தினேன். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சில டிவிகள் வெளுத்தன, சில வெளுக்கவில்லை. விலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓரத்தில் யாரும் சீண்டாமல் ஒரு நாற்பத்து மூன்று இன்ச் டிவி இருந்தது. அதன் அட்டையில் பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் இல்லை. அதில் கிளி அங்கிருந்தும் சிவப்பாகவே இருந்தது.

"எனக்கு இதுதான் வேணும். அத எடுத்துக்கிட்டு இதக் குடுங்க."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல மேடம். பத்து நாள்..."

"ஆடித் தள்ளுபடின்னு கட்டடம் அகலத்துக்கு பேனர் கட்டினீங்கல்ல? ஆடியில வாங்கிட்டு ஆவணியிலதான் பிரிப்பாங்கன்னு உங்க ஆளே பில்லு போடும்போது எங்கிட்ட சொன்னாரு. தெரிஞ்சுக்கிட்டே, ஆடியில வித்துட்டு ஆடியிலயே பத்து நாளு எண்ணுவீங்களா?"

அந்த விற்பனையாளர் கொஞ்ச தூரத்தில்தான் நின்றார். மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். குழந்தையோடு நின்ற பெண், "நாயமாத்தானே கேக்கறாங்க" என்றார். அந்த அம்மாள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

மேனேஜருக்கு என்னை வெளியே அனுப்பினால் போதும் என்று ஆகிவிட்டது. "சரி மேடம். பெட்டி, தெர்மாகோல், கவர், எல்லாம் வந்த மாதிரியே ஒரிஜினலா கொண்டாங்க. மாத்தித் தர்றேன். ஆனா தீபாவளி ரஷ் முடியட்டும்" என்றார். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கிய டிவியின் பெட்டியை யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான் அந்தச் சிரிப்பு.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். டிவி பெட்டி இருக்கா என்று கேட்டேன்.

"எங்க போவும்? பரண் மேல இருக்குது. மிக்சி பெட்டிக்கிப் பக்கத்துல."

வீட்டுக்கு வந்த எந்தப் பெட்டியையும் அம்மா தூக்கி எறிந்ததில்லை. தெர்மாகோல், பிளாஸ்டிக் கவர், திருகாணி வந்த குட்டிப் பை, அதைக் கட்டிய கம்பித் துணுக்கு எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சணல் போட்டுக் கட்டியிருந்தார். எத்தனை தடவை அந்தப் பரணைப் பார்த்துக் குப்பை என்று திட்டியிருக்கிறேன். அன்று கடை வாசலிலேயே நின்றுகொண்டு, அன்னிக்குக் கத்தினது தப்பும்மா என்று போனில் சொன்னேன். எப்ப கத்தின, என்று அம்மா கேட்டார். ஒன்றும் நடக்காததுபோல நடிக்க எங்கள் வீட்டில் அம்மா, அப்பா இரண்டு பேருக்குமே நன்றாக வரும்.

தீபாவளி முடிந்தது. மேனேஜர் ஊரில் இல்லை என்றார்கள். பிறகு ஸ்டாக் இல்லை என்றார்கள். பிறகு கம்பெனி ஒப்புதல் வரவேண்டும் என்றார்கள். நான் தினமும் வேலை முடிந்து போய்க் கடை நடுவில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் ஸ்டாக் வந்துவிட்டது. தம்பி ஒரு லோடு ஆட்டோ பிடித்து, குங்குமப் பொட்டோடு அந்தப் பெட்டியைக் கடலூர் கொண்டுவந்தான். மேனேஜர் பொட்டைப் பார்த்து, "பெட்டியில கறை இருக்கே" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

நாற்பத்து மூன்று இன்ச் டிவி சிதம்பரத்துக்கு வந்தபோது கபடி சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே தெம்பில்லை. இரண்டு மாதம் கடையாகவும் போனாகவும் அலைந்து, ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு டிவி கொண்டுவந்து மாட்டுகிறேன். மாட்டியதும் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. அப்பாவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்திலேயே படுத்து, அவர் தலையணையில் தலை வைத்துப் பார்த்தேன். சிவப்பு சிவப்பாக இருந்தது. நீலம் நீலமாக இருந்தது.

"சீசன் முடிஞ்சு போச்சுப்பா" என்றேன்.

அப்பா தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, நெட்டுல பழைய ஆட்டமெல்லாம் இருக்குமில்ல? மொதல் நாளு ஆட்டத்துலேர்ந்து போடு."

"முடிவெல்லாம்தான் தெரிஞ்சு போச்சேப்பா" என்றான் தம்பி.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியும்டா. எப்படி ஜெயிச்சாங்கன்னு இனிமேதான் பாக்கணும்."

நான் எழுந்திருக்கவில்லை. அம்மா சமையலறை நிலையில் வந்து சாய்ந்து நின்றார். முதல் நாள் ஆட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஒருவன் பாடிப் போய், கோட்டோரம் காலை நீட்டிவிட்டுத் திரும்பினான். நடுவர் கையை அசைத்து இல்லை என்றார்.

"டேய், தாண்டிட்டான்டா! போனஸுடா அது! கண்ணு அவிஞ்சு போச்சாடா ஒனக்கு?" என்று அப்பா கத்தினார். கத்தியதில் முதுகு வலித்து முகம் சுளித்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் முடிந்துபோன ஆட்டம் அது. அந்த நடுவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. அம்மா பழையபடி போய் ஜன்னலைச் சாத்தினார். நானும் அப்பாவோடு சேர்ந்து திட்டினேன்.